வீடு வாங்க மூணு சொலிசிட்டர் பேர் கைல இருக்கு, யாரை எடுக்கறது?

கேள்வி:

அக்கா வணக்கம். சொந்த ஊர் திருச்சி, இப்ப லண்டன் ஹேரோல வாடகைக்கு இருக்கோம். நானும் மனைவியும் முதல் தடவையா வீடு வாங்கறோம், ஆறு மாடி பில்டிங்ல ஒரு ஃப்ளாட், 4,25,000 பவுண்டுக்கு ஆஃபர் அக்செப்ட் ஆயிடுச்சு, லீஸ், அதாவது ஃப்ளாட் மேல நமக்கு உரிமை இருக்கற காலம், இன்னும் 82 வருஷம் இருக்காம். டெபாசிட்டுக்கு ரெண்டு பேரோட லிசா (லைஃப்டைம் ஐசா, கவர்மென்ட் போனஸோட சேக்கற கணக்கு) சேவிங்ஸ் இருக்கு, கொஞ்சம் அம்மா ஊர்லேர்ந்து தராங்க, கொஞ்சம் மாமா தரார், அது ஊர்ல அவர் ரூபாயா குடுத்துட்டா இங்க அவர் ஃப்ரெண்ட் பவுண்டா குடுத்துடுவாராம். ஊர்ல அப்பா வீடு ஒண்ணு இருக்கு, அவர் காலமானப்பறம் அம்மா, நான், தம்பின்னு மூணு பேர் பேர்லயும் வந்திருக்கு, அது பழைய வீடு, இதுக்கு சம்பந்தமில்ல. என் கேள்வி சொலிசிட்டர், அதாவது வீடு வாங்கற பத்திர வேலையைப் பாக்கற வக்கீல் பத்திதான். ஏஜென்ட் ஒரு கம்பெனியைச் சொல்லி அவங்களை எடுத்தாத்தான் சீக்கிரம் முடியும், இல்லன்னா ஓனர் வேற பையரைப் பாத்துடுவார்ங்கறார். ஆன்லைன்ல ஒரு கம்பெனி 499 பவுண்ட் ஆகும்னு கோட் (கட்டண மதிப்பீடு) குடுத்திருக்கு. மூணாவது, ஈஸ்ட் ஹாம்ல என் ஃப்ரெண்டுக்கு ஐஎல்ஆர் (இங்க நிரந்தரமா தங்கற அனுமதி) வாங்கிக் குடுத்த நம்ம தமிழ் சொலிசிட்டர், 1,400 ப்ளஸ் வாட் கேக்கறார். வெள்ளிக்கிழமைக்குள்ள ஏஜென்டுக்கு பேர் சொல்லணும். யாரை எடுக்கட்டும்?

பதில்:

தம்பி, நீங்க "இதுக்கு சம்பந்தமில்ல"ன்னு எழுதின அந்த திருச்சி வீடுதான் உங்க ஃபைல்லயே பெரிய விஷயம். அதுலேர்ந்தே ஆரம்பிக்கறேன், ஏன்னா யாரை எடுக்கறதுங்கறதும் அதை வச்சுத்தான் முடிவாகும்.

இங்கிலாந்துல முதல் வீடு வாங்கறவங்களுக்கு 3,00,000 பவுண்ட் வரைக்கும் ஸ்டாம்ப் டியூட்டி கிடையாது, அதுக்கு மேல 5,00,000 வரைக்கும் 5 சதவீதம், 2025 ஏப்ரல் 1-லேர்ந்து இதான் கணக்கு. உங்க ஃப்ளாட்டுக்கு 6,250 பவுண்ட் வரும், நீங்களும் அதைத்தான் மனசுல வச்சிருப்பீங்க. ஆனா முதல் வீடுங்கறதுக்கு சட்டம் சொல்ற அர்த்தம் இங்கிலாந்துல முதல் வீடுன்னு இல்ல, உலகத்துல எங்கயுமே இதுக்கு முன்னாடி வீடு சொந்தமா இருந்திருக்கக் கூடாது, பங்கா இருந்தாலும் சரி, வாரிசா வந்ததா இருந்தாலும் சரி. ரெண்டு பேர் சேந்து வாங்கினா ரெண்டு பேருமே அப்படி இருக்கணும். அதனால உங்களுக்கு அந்த சலுகை போச்சு. சாதாரண ரேட் போட்டா 11,250 பவுண்ட்.

இதோட முடிஞ்சாக்கூட பரவால்ல. ஏற்கனவே ஒரு வீட்டுல பங்கு இருக்கறவங்க இன்னொண்ணு வாங்கினா 2024 அக்டோபர் 31-லேர்ந்து முழு விலைக்கும் 5 சதவீதம் கூடுதல். திருச்சி வீட்டுல உங்க பங்கோட மதிப்பு 40,000 பவுண்டோ அதுக்கு மேலயோன்னா, அதாவது இப்போதைய ரேட்டுக்கு கிட்டத்தட்ட 45, 50 லட்சம் ரூபாய்னா, உங்க ஸ்டாம்ப் டியூட்டி 32,500 பவுண்ட். ஆமா, 6,250 எங்க, 32,500 எங்க. திருச்சில இப்ப மனை போற விலைக்கு மூணுல ஒரு பங்கு அந்தளவு வராதுன்னு கண்ணை மூடிக்கிட்டு சொல்ல முடியாது, ஸ்ரீரங்கமா தில்லை நகரா எங்கன்னு நீங்க சொல்லல, ஒரு வேல்யுவர் வச்சு எழுத்துல வாங்குங்க. (அப்பா காலமாகி இன்னும் மூணு வருஷம் ஆகலன்னா வாரிசா வந்த பாதிக்கு உட்பட்ட பங்கை இந்தக் கூடுதல் கணக்குல சேக்க மாட்டாங்க, ஆனா முதல் வீட்டு சலுகை அப்பவும் வராது. நீங்க வருஷம் எழுதல, அதையும் பாருங்க.)

அடுத்து நீங்க என்ன கேப்பீங்கன்னு தெரியும், மனைவி பேர்ல மட்டும் வாங்கினா? ஆகாது. சேந்து வாழற புருஷன் பொண்டாட்டியை இந்தக் கூடுதல் வரிக்கு ஒரே ஆளாத்தான் பாக்கறாங்க, ஒருத்தருக்கு வேற வீடு இருந்தா இன்னொருத்தர் தலைலயும் அது விழும், கூடுதல் வரி விழுந்துட்டா முதல் வீட்டு சலுகையும் கிடையாது. செய்யக்கூடியது ஒண்ணு இருக்கு, கம்ப்ளீஷன் நாளன்னிக்கு, அதாவது வீடு உங்க கைக்கு வர்ற அன்னிக்கு, ராத்திரி உங்ககிட்ட வேற வீட்டுப் பங்கு இல்லாம இருந்தா கூடுதல் 5 சதவீதம் வராது. உண்மையிலேயே அந்த வீட்டை அம்மாவுக்கோ தம்பிக்கோ விட்டுக்குடுக்கற எண்ணம் உங்களுக்கு இருந்தா முன்னாடியே விடுதலைப் பத்திரம் பதிவு பண்ணிடலாம், நேர்ல போக முடியலன்னா இங்கேர்ந்து பவர் அனுப்பி செய்யலாம், ஆனா அதுக்கு நாள் பிடிக்கும், ஊர்ல ஒரு வக்கீலும் இங்க வரி தெரிஞ்ச ஒருத்தரும் பாத்து ஓகே சொல்லணும், பேப்பர்ல குடுத்துட்டு வாய்ல என் பங்கு அப்படியே இருக்குன்னு வச்சுக்கறது கூடாது.

லிசாவுலயும் இதே கதைதான். உங்க லிசாவை வீட்டுக்கு எடுக்க முடியாது, முதல் வீடு வாங்கறவங்கன்னு கையெழுத்து போடணும், உங்களால போட முடியாது, வெளிய எடுத்தா 25 சதவீதம் பிடிப்பாங்க, கவர்மென்ட் குடுத்த போனஸ் போக நீங்க போட்ட காசுலயே 6.25 சதவீதம் போயிடும். உங்க மனைவிக்கு எங்கயும் வீடு இல்லன்னா, அக்கவுன்ட் திறந்து ஒரு வருஷமும் ஆயிருந்தா, அவங்க லிசாவை தாராளமா எடுக்கலாம், விலை 4,50,000-க்கு கீழதான் இருக்கு, உங்க கூட சேந்து வாங்கறது அவங்களை பாதிக்காது. அந்தப் பணம் நேரா உங்க கைக்கு வராது, கன்வேயன்சர், அதாவது வீடு கைமாத்தற சட்ட வேலையைப் பாக்கற சொலிசிட்டர்தான், லிசா கம்பெனிக்கு எழுதி வாங்கணும், அதையும் ஞாபகம் வச்சுக்கோங்க.

இப்ப சொலிசிட்டர் கதைக்கு வரேன். நான் இவ்ளோ நேரம் சொன்னதை அந்த 499 பவுண்ட் கம்பெனில யார் உங்ககிட்ட கேப்பாங்க? அங்க ஒரு போர்ட்டல் இருக்கும், "முதல் வீடா?"ன்னு ஒரு பெட்டி இருக்கும், நீங்க நல்ல மனசோட ஆமான்னு டிக் பண்ணுவீங்க, அதை வச்சு ஸ்டாம்ப் டியூட்டி ரிட்டர்ன் போயிடும், கம்ப்ளீஷன் ஆகி 14 நாளுக்குள்ள அது போயாகணும். எச்எம்ஆர்சி (இங்க வரித்துறை) அதை 9 மாசத்துக்குள்ள தோண்டலாம், வேணும்னே தப்பா சொன்னதா அவங்களுக்குப் பட்டா 20 வருஷம் பின்னாடி கூட வரலாம், அப்ப வட்டியும் அபராதமும் உங்க பேர்லதான் வரும். கம்பெனியோட டேர்ம்ஸை எடுத்துப் பாத்தா "நாங்க வரி ஆலோசனை தர மாட்டோம்"னு ஒரு வரி இருக்கும். நிறைய கம்பெனி அதை எழுதித்தான் வச்சிருக்காங்க, அது தப்புன்னு சொல்லல, ஆனா உங்க ஃபைலுக்கு அப்படி எழுதி வச்சிருக்கற இடம் சரிப்படாது, இல்லன்னா வரிக்குத் தனியா ஒருத்தரைப் பிடிக்கணும்.

அப்பறம் அந்த 499-ஐ நம்பாதீங்க. அது வெறும் ஃப்ரீஹோல்ட் (மனையும் சேத்து நிரந்தரமா சொந்தமாகற) வீட்டுக்கு, லோன் இல்லாம, சொந்தக்காரங்க தர்ற கிஃப்ட் பணம் இல்லாம வாங்கறவனுக்கு போட்ட விலை, அப்படி ஒருத்தன் லண்டன்ல எங்க இருக்கான்னு தெரியல. உங்களுது மாதிரி லீஸ்ல இருக்கற ஃப்ளாட்டுக்கு, அதாவது லீஸ்ஹோல்டுக்கு தனி, பேங்க் வேலைக்கு தனி, கிஃப்ட் குடுக்கற ஒவ்வொரு ஆளுக்கும் தனி, லிசாவுக்கு தனி, ஐடி செக் தனி, ஸ்டாம்ப் டியூட்டி ஃபார்ம் போட தனி, பணம் ட்ரான்ஸ்ஃபர் பண்ண தனி, எல்லாத்துக்கும் மேல 20 சதவீதம் வாட். கூட்டிப் பாத்தா ஈஸ்ட் ஹாம்காரர் சொன்னதுக்கு கிட்ட வந்து நிக்கும். சர்ச் ஃபீஸ் (சொத்து பத்தின ரெக்கார்டு தேடற காசு), லேண்ட் ரெஜிஸ்ட்ரி ஃபீஸ், ஃப்ரீஹோல்டருக்கு (பில்டிங்கோட சொந்தக்காரருக்கு) நோட்டீஸ் குடுக்கற காசு, இதெல்லாம் யார்கிட்ட போனாலும் வர்ற செலவு, கோட்ல அது இல்லன்னா சீப்புன்னு அர்த்தமில்ல, சொல்லாம விட்டிருக்காங்கன்னு அர்த்தம். 2018 டிசம்பர்லேர்ந்து எஸ்ஆர்ஏ (சொலிசிட்டர்களைக் கண்காணிக்கற அமைப்பு) கீழ இருக்கற ஃபர்ம் எல்லாம் கன்வேயன்சிங் விலையை அவங்க வெப்சைட்லயே போட்டாகணும்னு ரூல், போய் பாருங்க, எதுக்கு எக்ஸ்ட்ரா வரும்னு அதுலயே இருக்கணும்.

ஏஜென்ட் சொல்றது மிரட்டல், வேற பேர் வைக்க வேண்டாம். அவர் சொல்ற ஆளை எடுக்கலங்கறதுக்காக உங்களை ஒதுக்கறது எஸ்டேட் ஏஜென்ட்ஸ் சட்டத்துக்குக் கீழ வந்த 1991 உத்தரவுப்படியே தப்பு. அவர் ஏன் துடிக்கறார்னா பெரும்பாலும் அந்த கம்பெனி அவருக்கு ஒரு ரெஃபரல் ஃபீஸ் குடுக்கும், அது சட்டப்படி குடுக்கலாம், ஆனா எவ்ளோன்னு உங்களுக்கு சொல்லியாகணும். ஈமெயில்லயே கேளுங்க, "இவங்ககிட்டேர்ந்து உங்களுக்கு எவ்ளோ வருது?"ன்னு ஒரே வரி, பதில் வர்ற விதத்துலயே நிறைய தெரிஞ்சுடும். ரெஃபரல் ஃபீஸ் குடுக்கற கம்பெனி எல்லாமே மோசம்னு சொல்ல மாட்டேன், சிலது நல்லாவே வேலை செய்யும். ஆனா அவங்களுக்கு அடுத்த மாசமும் ஃபைல் அனுப்பப்போறது அந்த ஏஜென்ட், நீங்க இல்ல, டீல் நிக்கற மாதிரி ஒரு சிக்கல் வந்தா அதை உங்ககிட்ட எவ்ளோ அழுத்தி சொல்வாங்கங்கறது எனக்கு எப்பவும் ஒரு சந்தேகம்தான். அந்த கம்பெனி சொலிசிட்டரா இல்லாம லைசென்ஸ்டு கன்வேயன்சரா இருக்கலாம், அதுல ஒண்ணும் குறைவில்ல, அவங்க சிஎல்சிங்கற அவங்களுக்கான கண்காணிப்பு அமைப்பு கீழ வருவாங்க, வீட்டு வேலை மட்டுமே செய்யறவங்க, சில சமயம் எங்களை மாதிரி சொலிசிட்டர்களை விடவே நல்லா தெரிஞ்சிருக்கும். எஸ்ஆர்ஏவா சிஎல்சியா ஏதோ ஒண்ணோட ரெஜிஸ்டர்ல பேர் இருக்கான்னு ஆன்லைன்ல ரெண்டு நிமிஷத்துல பாத்துடலாம்.

இப்ப நம்ம ஈஸ்ட் ஹாம் ஆள். நம்ம ஆளுங்கறதுல ஒரு வசதி இருக்கு, விடுதலைப் பத்திரம்னா என்ன, வாரிசு சர்டிஃபிகேட்னா என்னன்னு அவருக்கு விளக்க வேண்டாம், அம்மாகிட்ட நேரா ஃபோன்ல பேசுவார், கிஃப்ட் லெட்டர்ல என்ன கையெழுத்து போடறாங்கன்னு தமிழ்ல சொல்லுவார், உங்க ஃபைலுக்கு இது சின்ன விஷயமில்ல. ஆனா ஃப்ரெண்டுக்கு ஐஎல்ஆர் வாங்கிக் குடுத்தார்ங்கறது இமிக்ரேஷன் தெரியும்ங்கறதுக்கு மட்டும்தான் அத்தாட்சி, கண் ஆபரேஷன்ல கைராசிக்காரர்னு அவர்கிட்டயே போய் பல்லைக் காமிக்க மாட்டோம்ல. நம்ம ஊர்க்காரங்க இந்த ஒரு எடத்துல திரும்பத் திரும்ப சறுக்கறதைப் பாக்கறேன், விசா போட்டவர்கிட்டயே வீட்டையும் குடுத்துடறாங்க. அவர் ஃபர்ம்ல கன்வேயன்சிங் யார் பாக்கறாங்க, அவங்க வேற என்ன வேலை பாக்கறாங்க, போன வருஷம் லண்டன்ல லீஸ்ஹோல்ட் ஃப்ளாட் எத்தனை முடிச்சாங்கன்னு கேளுங்க. முக்கியமா உங்க பேங்கோட பேனல்ல, அதாவது பேங்க் ஏத்துக்கற வக்கீல் லிஸ்ட்ல, இருக்காங்களான்னு கேளுங்க, பேங்க் பேரைச் சொல்லியே கேளுங்க. வழக்கமா ஒரே சொலிசிட்டர்தான் உங்களுக்கும் பேங்குக்கும் சேத்து வேலை பாப்பார், பேனல்ல இல்லன்னா பேங்க் தனியா ஒரு வக்கீல் வைக்கும், அந்தக் காசும் உங்க தலைல, நாளும் கூடும். சின்ன ஃபர்ம் நிறைய, சில பேங்க் பேனல்ல இருக்க மாட்டாங்க, உங்க வீட்டு லோன் ப்ரோக்கர்கிட்ட கேட்டா உடனே சொல்லிடுவார். லா சொசைட்டி (சொலிசிட்டர்கள் சங்கம்) வீட்டு வேலை தரத்துக்குக் குடுக்கற சிக்யூஎஸ் முத்திரை இருக்கான்னும் பாருங்க, அது இருந்தா ஆள் கெட்டிக்காரர்னு ஆகிடாது, ஆனா வீட்டு வேலையை சீரியஸா எடுக்கற ஃபர்ம்னு தெரியும், சில பேங்க் அது இல்லாம பேனல்லயே சேக்காது.

பேங்குக்கும் வேலை பாக்கறார்னு சொன்னேன்ல, அதோட இன்னொரு பக்கம் நீங்க சொலிசிட்டர்கிட்ட சொல்ற கிஃப்ட், விலை மாற்றம் எல்லாம் பேங்குக்கும் சொல்லியாகணும். ஒளிச்சு வைக்கறதுன்னா அது அவரால முடியாது.

ஆறு மாடின்னு எழுதியிருக்கீங்க. 11 மீட்டரோ அஞ்சு மாடியோ அதுக்கு மேலயோ இருந்தா 2022 பில்டிங் சேஃப்டி சட்டம் உள்ள வருது, கிரென்ஃபெல் தீ விபத்துக்கு அப்பறம் வந்ததுதான். 2022 பிப்ரவரி 14-ம் தேதி அந்த ஃப்ளாட் யார்கிட்ட இருந்துது, அவங்க அங்க குடியிருந்தாங்களா, இதை வச்சு க்ளாடிங் (வெளிச்சுவர்ல பதிக்கற தகடு) மாதிரி செலவுல ஃப்ளாட்காரர் எவ்ளோ குடுக்கணும்னு முடிவாகும், அதுக்கு ஒரு சர்டிஃபிகேட் ஃப்ளாட்டை விக்கற ஓனர்கிட்ட வாங்கணும், பில்டிங்கோட லேண்ட்லார்ட்கிட்ட ஒண்ணு வாங்கணும். பல ஃபர்ம் இந்த மாதிரி பில்டிங்கை எடுக்கறதே இல்ல, இன்ஷூரன்ஸ் பயம். கொடுமை என்னன்னா ஃபைல் திறந்து சர்ச் ஃபீஸ் கட்டி ரெண்டு மாசம் ஓடினப்பறம் "சாரி, இதை நாங்க பண்றதில்ல"ன்னு மெயில் வரும். அதனால முதல் ஃபோன்லயே மாடி எத்தனைன்னு சொல்லி எடுப்பீங்களான்னு கேட்டுடுங்க.

லீஸ் 82 வருஷம், இது கத்தி முனைல இருக்கற நம்பர். 80-க்கு கீழ போனா லீஸ் நீட்டிக்கறப்ப மேரேஜ் வேல்யூன்னு ஒரு தொகை சேந்து விலை எகிறும். அதை எடுத்துடறதா 2024-ல சட்டம் போட்டாங்க, ஆனா நான் இதை எழுதறப்ப அந்தப் பகுதி இன்னும் அமலுக்கு வரல. நல்ல சேதி, வாங்கி ரெண்டு வருஷம் காத்திருந்தாத்தான் நீட்டிக்க முடியும்ங்கற ரூல் 2025 ஜனவரி 31-லேர்ந்து போயிடுச்சு. இதைப் பத்தி நீங்க வாயைத் திறக்கறதுக்கு முன்னாடி தானா பேசற ஆள் கிடைச்சா பாதி தேர்வு முடிஞ்சுதுன்னு வச்சுக்கோங்க.

மாமா பணம். அந்த ஏற்பாட்டை இன்னிக்கே நிறுத்துங்க. ஊர்ல ரூபாய் குடுத்து இங்க யாரோ பவுண்ட் குடுக்கறது ஹவாலா, உண்டியல், எந்தப் பேர்ல சொன்னாலும் எந்த சொலிசிட்டரும் தொட முடியாது. தொட மாட்டோம்ங்கறது மட்டுமில்ல, சந்தேகம் வந்தா நேஷனல் க்ரைம் ஏஜென்சிக்கு ரிப்போர்ட் பண்ணணும், பண்ணியிருக்கோம்னு உங்ககிட்ட சொல்லவும் சட்டம் விடாது, நீங்க ஏன் ஃபைல் நகரல ஏன் நகரலன்னு ஃபோன் பண்ணிக்கிட்டே இருப்பீங்க. மாமா அவர் அக்கவுன்ட்லேர்ந்து பேங்க் வழியா உங்க அக்கவுன்டுக்கே அனுப்பட்டும், எல்ஆர்எஸ்ல (இந்தியாலேர்ந்து வெளிநாட்டுக்கு பணம் அனுப்ப ரிசர்வ் பேங்க் வச்சிருக்கற திட்டம்) ஒரு ஆள் ஒரு நிதியாண்டுக்கு 2,50,000 டாலர் வரைக்கும் அனுப்பலாம், ஏ2 ஃபார்ம் குடுத்து அனுப்பற ரசீதை பத்திரமா வைங்க. அம்மாவும் அப்படித்தான். பணம் அவங்களுக்கு எங்கேர்ந்து வந்துதுன்னும் காமிக்கணும், எஃப்டி உடைச்சதா, நகை வித்ததா, ஆறு மாச ஸ்டேட்மென்ட், பாஸ்போர்ட்டோ ஆதாரோ, திருப்பிக் கேக்க மாட்டேன் வீட்டுல பங்கும் கேக்க மாட்டேன்னு கிஃப்ட் லெட்டர். சில பேங்க் அப்பா அம்மா கிஃப்ட்தான் ஏத்துக்கும், மாமா ஓகேவான்னு ப்ரோக்கர்கிட்ட முதல்ல கேளுங்க. நீங்க எங்கயாவது சீட்டு கட்டி எடுத்த காசு இதுல கலந்திருந்தா அதையும் இப்பவே சொல்லிடுங்க, பேப்பர் இல்லாத சீட்டுப் பணத்தை வச்சுக்கிட்டு எக்ஸ்சேஞ்ச் வாரத்துல, அதாவது ரெண்டு பக்கமும் ஒப்பந்தம் உறுதியாகற நேரத்துல, முழிக்கறது ரொம்ப சங்கடம்.

சரி, யாரை எடுக்கறது? நாளைக்கு மூணு பேருக்கும் ஃபோன் பண்ணி ஒரே கதையைச் சொல்லுங்க, திருச்சி வீடு, ஆறு மாடி, 82 வருஷம், இந்தியாலேர்ந்து ரெண்டு கிஃப்ட், ஒரு லிசா. எவர் உடனே திருப்பி கேள்வி கேக்கறாரோ அவரை கவனிங்க. "அதெல்லாம் பாத்துக்கலாம் சார், ஆன்லைன்ல ஃபார்ம் ஃபில் பண்ணுங்க"ன்னா வச்சிடுங்க. என் ஃபைலை யார் கைல குடுப்பீங்க, அவர் க்வாலிஃபைடா, அவர் லீவுல போனா யாரு, நேரா பேச நம்பர் உண்டா, இதையும் கேட்டு மொத்த செலவையும் எக்ஸ்ட்ராவோட எழுத்துல வாங்குங்க. 499-ஐ நான் இப்பவே அடிச்சுடுவேன். ஈஸ்ட் ஹாம்ல கன்வேயன்சிங்குன்னே ஒருத்தர் இருந்து, பேனல்லயும் இருந்து, இந்த பில்டிங்கை எடுக்கறேன்னா அவங்களைத்தான் எடுப்பேன், 1,400 இந்த ஃபைலுக்கு அதிகமில்ல. இல்லன்னா மூணு பேரையும் விட்டுட்டு ப்ரோக்கர்கிட்டயும் ஹேரோல சமீபத்துல ஃப்ளாட் வாங்கின உங்க ஆபீஸ் ஆளுங்ககிட்டயும் நாலாவது பேர் கேளுங்க. வெள்ளிக்கிழமைங்கறது ஏஜென்ட் வச்ச கெடு, "திங்கக்கிழமை பேர் தரேன், மார்ட்கேஜ் ப்ராசஸ்ல இருக்கு"ன்னு மெயில் போட்டா ஒண்ணும் ஆகாது.

ரெண்டு சின்ன விஷயம். சொலிசிட்டர் வீட்டை நேர்ல வந்து பாக்க மாட்டார், ஈரம், விரிசல், ப்ளம்பிங் எல்லாம் சர்வேயர் வேலை, அதுக்கு தனியா ஆள் வைங்க, பேங்க் பண்ற வேல்யுவேஷன் பேங்குக்கு மட்டும்தான். இன்னொண்ணு, அம்மா கண்டிப்பா மூலப்பத்திரம் கேப்பாங்க, இங்க லேண்ட் ரெஜிஸ்ட்ரில பேர் ஏறினாலே அதான் பத்திரம், வீட்டுல பூட்டி வைக்க ஒண்ணும் கைக்கு வராது, முன்னாடியே சொல்லி வைங்க.

டெபாசிட் அனுப்பறப்ப ஜாக்கிரதை. சொலிசிட்டரோட பேங்க் டீடெயில் முதல் லெட்டர்ல வந்திருக்கும், நடுவுல "எங்க அக்கவுன்ட் மாறிடுச்சு"ன்னு அவங்க மெயில் ஐடிலேர்ந்தே வந்தாலும் நம்பாதீங்க, அந்த மெயில்ல இருக்கற நம்பருக்கு ஃபோன் பண்ணாதீங்க, முதல் நாள் நீங்க பேசின நம்பருக்கே கூப்பிட்டு அக்கவுன்ட் நம்பரை வாயால படிச்சு சரி பாருங்க. ஒரு சின்ன தொகை முதல்ல அனுப்பி வந்துதான்னு கேட்டுட்டு மீதியை அனுப்புங்க.